ஆச்சி பதில்கள்: கோப்புக்குக் கண் கிடையாது

போன இதழில், அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் வீட்டுக்கடன் அலுவலகத்தில் நான் பார்த்த வேலையைப் பற்றி எழுதும்போது, "யாரும் யாரையும் வெறுக்காமலே ஒரு ஊரை ஒதுக்கிவைத்துவிட முடியும்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாதிப் பேர் சண்டைக்கு, மீதிப் பேர் சந்தேகத்துக்கு. முழங்கால் வலி, மருமகள் பிரச்சினை, பால் பணியாரம் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

ஆர்.கே., தேவகோட்டை: கறுப்பர் ஒருவர் எட்டு வருஷம் ஜனாதிபதியாக இருந்த நாடு அது. சட்டத்தில் எல்லாரும் சமம். இன்னும் நிறவெறி, நிறவெறி என்று பழைய பாட்டையே பாடுவது நியாயமா ஆச்சி?

சட்டம் சமம்தான் தம்பி. நான் அதில் குற்றம் சொல்லவில்லை. நாங்கள் 1986இல் வீடு வாங்கிய கதையைக் கேளுங்கள்.

டெட்ராய்ட் எல்லையைத் தாண்டிய புறநகர். செங்கல் வீடு, மூன்று படுக்கையறை, பின்னால் ஒரு மேப்பிள் மரம். நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல அங்கேயும் பழைய பத்திரங்களைத் தோண்டி எடுத்து ஒரு கட்டாகத் தருவார்கள். மற்றவர்கள் படிக்கமாட்டார்கள், வட்டிக்கடைக் குடும்பத்துப் பெண் நான், பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட எனக்கு வராது. 1941இல் மனை பிரித்தபோது எழுதிய நிபந்தனைகளில் ஒரு ஷரத்து இருந்தது: வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, குடியிருப்பவரிடம் வேலை செய்யும் வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு.

தரகரிடம் காட்டினேன். சிரித்தார். "இதையெல்லாம் எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக் கூடாது என்று 1948லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது மேடம். சும்மா பேப்பர்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். செயின்ட் லூயிஸ் நகரத்து ஷெல்லி குடும்பத்தின் வழக்கு அது. ஆனால் அந்த ஷரத்தை யார் எழுதச் சொன்னார்கள் தெரியுமா? வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் கொடுப்பதற்காக 1934இல் அரசாங்கமே ஒரு அமைப்பை ஏற்படுத்தியது. அதன் 1938ஆம் வருஷத்துக் கையேடு, இப்படிப்பட்ட ஷரத்து போடுவது நல்லது என்று சிபாரிசு செய்தது. கலப்பு ஊர் என்றால் கடன் மூழ்கிவிடும் என்று அவர்கள் கணக்கு. அந்தக் காலத்திலேயே இன்னொரு அரசு அமைப்பு நகரங்களின் வரைபடத்தில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டியது. கறுப்பர்கள் இருந்த பகுதிகள் அநேகமாக எல்லாம் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம்.

டெட்ராய்ட்டில் எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சுவர் நிற்கிறது. நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். ஆறடி உயரம், அரை மைல் நீளம், சாதாரண கான்கிரீட். 1941இல் ஒரு மனை வியாபாரி வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்கப் பார்த்தார். பக்கத்திலேயே கறுப்பர் குடியிருப்பு இருக்கிறது, உத்தரவாதம் தரமாட்டோம் என்றது அரசாங்கம். அவர் நடுவில் ஒரு சுவரை எழுப்பினார். உடனே உத்தரவாதம் கிடைத்துவிட்டது. இப்போது அந்தச் சுவரின் ஒரு பகுதியில் பிள்ளைகள் விளையாடும் பூங்கா. சுவர்மேல் அழகாக ஓவியம் எழுதியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சினியரிங் சரியில்லை. ஆனா எண்பது வருஷம் நிக்கும்" என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கியவர் குறைந்த வட்டியில் முப்பது வருஷத் தவணை கட்டினார், வீட்டின் விலை ஏறியது, அதை வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார், செத்தபோது மிச்சத்தை எழுதிவைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் அதே தொழிற்சாலையில் அதே காரை அசெம்பிள் செய்து, வாழ்நாள் முழுக்க வாடகை கட்டினார். வீடு விற்பதில் பாகுபாடு கூடாது என்று 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரு வாரத்தில், சட்டம் வந்தது. சட்டம் கதவைத் திறந்தது. நடுவில் போன முப்பத்துச் சொச்ச வருஷத்து அசலும் வட்டியும்? அமெரிக்க மத்திய வங்கி 2022இல் எடுத்த கணக்குப்படி, நடுத்தட்டில் இருக்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். அதே தட்டில் இருக்கும் கறுப்பர் குடும்பத்துக்கு 44,900. ஜனாதிபதி யார் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது.

வாசகி, புதுக்கோட்டை: மற்றவர்களைச் சொல்வது இருக்கட்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். நீங்கள் பாகுபாடு பார்த்தீர்களா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வந்ததற்கு நன்றி, அம்மா.

1990இல் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறகு கடன் விண்ணப்பத்தைப் பார்த்து 'சரி', 'சரியில்லை' என்று முடிவு எழுதும் வேலைக்கு வந்தேன். இருபத்துநாலு வருஷம். ஒரு நாளும் ஒருவரின் நிறத்தைப் பார்த்து நான் முடிவு எழுதியதில்லை.  ஆளை நான் பார்க்கமாட்டேன், கோப்பைத்தான் பார்ப்பேன். வருமானம், கடன், கிரெடிட் ஸ்கோர் (நம்மூர் சிபில்தான்), வீட்டின் மதிப்பு, முன்பணம். என் ஐயா (தாத்தா) பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். கடன் வாங்க வருகிறவனின் முகத்தைப் பார்த்தே பாதி முடிவு செய்துவிடுவாராம், அப்பச்சி (அப்பா) சொல்வார்கள். எனக்கு முகமே கிடையாது. இதைவிடச் சுத்தமான தொழில் உண்டா என்று நானே பெருமைப்பட்டிருக்கிறேன்.

2011 வாக்கில் ஒரு கோப்பு. பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மாள். டெட்ராய்ட் மேற்கில் ஒரு வீடு, விலை 32,000 டாலர். அந்த வீட்டிலேயே பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தவர். வீட்டின் சொந்தக்காரர் விற்கிறார், இவர் வாங்க நினைக்கிறார். வாடகை ஒரு மாதம் தவறியதில்லை, ரசீதுகளை வரிசையாக அடுக்கி இணைத்திருந்தார். மாதத் தவணை அவர் கட்டிக்கொண்டிருந்த வாடகையில் பாதிகூட வராது. என் இருபத்துநாலு வருஷத்தில் இதைவிடப் பத்திரமான கடன் அதிகம் பார்த்ததில்லை.

தள்ளுபடி செய்தேன். எங்கள் நிறுவனத்தில் 50,000 டாலருக்குக் கீழே வீட்டுக்கடன் கொடுப்பதில்லை என்று ஒரு விதி. ஏனென்றால் முப்பதாயிரம் கடனுக்கும் மூன்று லட்சம் கடனுக்கும் காகித வேலை ஒன்றுதான்; வருமானம் மட்டும் சதவீதக் கணக்கு. சின்னக் கடன் கட்டுப்படியாகாது. எந்த வட்டிக்கடைக்காரரும் ஒத்துக்கொள்ளும் நியாயம். இந்த விதியில் எங்கேயாவது நிறம் இருக்கிறதா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஆனால் ஐம்பதாயிரத்துக்குக் கீழே விலை போகும் வீடுகள் எந்த ஜிப் கோடில் (நம்மூர் பின்கோடு) இருந்தன? முக்கால்வாசிக்கு மேல் கறுப்பர்கள் வாழும் டெட்ராய்ட்டில். அந்த வீடுகள் ஏன் அந்த விலைக்கு வந்தன? மேலே சொன்ன சிவப்பு வண்ணத்திலிருந்து, கறுப்பர்களின் ஹேஸ்டிங்ஸ் தெருக் கடைவீதியையே இடித்து நடுவில் போட்ட நெடுஞ்சாலை வரை, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிய விலை அது. பழைய காலத்து ஆட்கள் நிறத்தைப் பார்த்து விலையை இறக்கினார்கள். நான் விலையை மட்டும் பார்த்துக் கடனை மறுத்தேன். அவர்களுக்குக் கண் இருந்தது, எனக்கு இல்லை. முடிவு ஒன்றே.

இப்படி மறுக்கப்பட்டவர்களுக்கு அங்கே 'லேண்ட் கான்ட்ராக்ட்' என்று ஒரு வழி உண்டு. விற்பவரிடமே தவணை கட்டவேண்டும். கடைசித் தவணை வரை பத்திரம் அவர் பெயரில். கூரை ஒழுகினால் செலவு வாங்குபவருடையது. தவணை தவறினால் கட்டியதெல்லாம் போய் வெளியே நிற்க வேண்டியதுதான். அந்த அம்மாள் அந்த வழிக்குத்தான் போனார் என்று, கோப்பைக் கொண்டுவந்த தரகர் பிறகு சொன்னார். அதற்கு மேல் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு நான் மதியம் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன், மூன்று மணிக்கு வேறு கோப்பு எடுத்தேன். உறுத்தியது ரொம்ப நாள் கழித்துத்தான்.

எம்.எஸ்., மதுரை: 'நிறம் பாராத அரசியல் சட்டம்' என்ற வாசகத்தைச் சொன்னது யார்?

1896இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். லூசியானாவில் வெள்ளையருக்கு ஒரு ரயில் பெட்டி, கறுப்பருக்கு ஒரு ரயில் பெட்டி என்று சட்டம். ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் அதை எதிர்ப்பதற்காகவே 1892இல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். எட்டில் ஏழு பங்கு வெள்ளை ரத்தம். அவரே சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏழு நீதிபதிகள் தனிப்பெட்டி சரி என்றார்கள். ஹார்லன் ஒருவர்தான் மாறுபட்டு, நம் அரசியல் சட்டம் நிறம் பாராதது என்று எழுதினார். பெரிய மனது, சந்தேகமில்லை.

ஆனால் நம்மில் பலருக்கு மேற்கோள் தெரியும், முழுத் தீர்ப்பு தெரியாது. அந்த வரிக்கு நாலு வரி முன்னால், இந்த நாட்டில் கௌரவம், படிப்பு, செல்வம், அதிகாரம் எல்லாவற்றிலும் வெள்ளை இனமே மேலோங்கியது, என்றைக்கும் அப்படியே இருக்கும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். கொஞ்சம் தள்ளி, சீனர்கள் நம்மிடமிருந்து ரொம்ப வேறுபட்டவர்கள், அவர்களைக் குடிமக்கள் ஆகவே நாம் விடுவதில்லை, அப்படிப்பட்ட சீனன்கூட வெள்ளையர் பெட்டியில் போகலாம், கறுப்புக் குடிமகன் போகக் கூடாதா என்று கேட்கிறார். சட்டம் நிறம் பார்க்காவிட்டாலும் மேலே இருப்பவர் மேலேயே இருப்பார் என்ற நிம்மதி அந்த நல்ல மனிதரின் எழுத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அந்த வாசகத்தை யாராவது உரக்கச் சொன்னால், நான் முன்னால் இருக்கும் நாலு வரியையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன்.

வி.பி., திருச்சி: நம் ஆட்கள் எட்டு டாலருடன் போய் இறங்கி, இன்றைக்கு டாக்டர், இஞ்சினியர், கம்பெனித் தலைவர் என்று இருக்கிறார்கள். கறுப்பர்களால் ஏன் முடியவில்லை? உழைப்பு போதாதா?

அந்த எட்டு டாலரோடு பெட்டியில் இன்னொன்றும் இருந்தது: இந்திய மக்களின் வரிப்பணத்தில் படித்த இஞ்சினியரிங் பட்டம். என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாம் எப்படி உள்ளே போனோம் என்பதைப் பாருங்கள். பகத்சிங் திண்ட் என்று ஒரு பஞ்சாபி, முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தவருக்கும் மட்டுமே குடியுரிமை தரலாம் என்ற காலம். அவர் நீதிமன்றத்தில் என்ன வாதாடினார்? இந்தச் சட்டமே தப்பு என்று அல்ல. நான் உயர்சாதி, ஆரிய வம்சம், ஆகவே நானும் வெள்ளையன் என்று! 1923இல் உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதன் கண்ணுக்கு நீ வெள்ளையன் அல்ல என்று மறுத்துவிட்டது. 1946இல்தான் இந்தியருக்குக் கதவு லேசாகத் திறந்தது: வருஷத்துக்கு நூறு பேர். கதவு நன்றாகத் திறந்தது 1965 அக்டோபரில், நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டத்தில். 1964இல் சிவில் உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே சூட்டில் வந்தது இது. உரிமைக்காகப் போராடி, போலீஸிடம் நாய்க்கடியும் தண்ணீர்ப் பீரங்கியும் வாங்கிய கறுப்பர்கள் தள்ளித் திறந்த கதவு. அந்தச் சட்டமும் படித்தவர்களுக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தது. வடிகட்டி எடுத்த தேங்காய்ப்பாலைக் கொண்டுபோய், 'பாருங்கள், இவர்களிடம் சக்கையே இல்லை' என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. நாங்கள் டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தது 1984. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை, ஜப்பான் கார்கள் வந்து வேலை போகிறதே என்ற ஆத்திரத்தில், கார் தொழிலோடு சம்பந்தப்பட்ட இரண்டு வெள்ளையர்கள் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அவர் ஜப்பானியரே இல்லை. தண்டனை: நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும். சிறை இல்லை. எங்களுக்கு வீடு பார்த்துக்கொடுத்த தமிழ்க் குடும்பம் முதல் வாரமே இந்தக் கதையைச் சொல்லி, இரவில் தனியாகப் போகாதீர்கள் என்றது. அடுத்த மூச்சிலேயே "கறுப்பு ஏரியா பக்கம் வீடு பார்க்காதீங்க, விலை ஏறாது" என்றும் சொன்னது. நாங்கள் இரண்டையும் கேட்டுக்கொண்டோம். விலை ஏறும் பக்கத்தில்தான் வீடு வாங்கினோம்.

நர்சிங் மாணவி, சேலம்: மருத்துவத்தில் எல்லாரும் உடம்புதானே? அங்கேயும் இது உண்டா?

கொரோனா நேரத்தில் விரலில் மாட்டிக்கொண்டு தொண்ணூற்று நாலா, தொண்ணூற்று ஆறா என்று ராத்திரி முழுக்கப் பார்த்தோமே, அந்த ஆக்ஸிமீட்டர். அது தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருத்த தோலில் அது சில நேரம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள்: கருவி 'பரவாயில்லை' என்று காட்டும்போது ரத்தத்தில் உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தது, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகத் தடவை. கருவிக்கு யார்மேலும் கோபம் கிடையாது. செய்தவர்கள் யார் விரலை வைத்துச் சரிபார்த்தார்களோ அந்த விரலுக்குச் சரியாக இருக்கிறது. நம் விரலும் அவ்வளவு வெளுப்பு இல்லை, மகளே. வார்டில் எண்ணை மட்டும் பார்க்காதே, நோயாளியையும் பார்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் கணக்கிடும் சூத்திரத்தில், 1999இலிருந்து, நோயாளி கறுப்பர் என்றால் ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டிக்காட்டினார்கள். அதனால் அவர்களின் சிறுநீரகம் காகிதத்தில் நன்றாக இருந்தது, மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் தாமதமாக ஏறியது. இங்கே நிறம் பார்த்ததுதான் கெடுதல். 2021இல் அந்தப் பெருக்கலை எடுத்தார்கள். ஆனால் அதோடு விடவில்லை. 2023இல், அந்தச் சூத்திரத்தால் தாமதமான கறுப்பு நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். யாருக்குத் திருத்துவது என்று தெரியவேண்டும் என்றால் மறுபடி நிறத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

எஸ்., கோவை: படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டால் பிரச்சினை தீராதா?

வேடிக்கை கேளுங்கள். வீட்டுக்கடன் படிவத்தில் அந்தக் கட்டம் உண்டு. முடிவெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் எழுதிவைத்தே ஆகவேண்டும். நேரில் வந்தவர் சொல்ல மறுத்தால் முகத்தையும் குடும்பப் பெயரையும் பார்த்து நாமே நிரப்பவேண்டும் என்பது விதி. குமாஸ்தாவாக இருந்தபோது எனக்கு அது கூச்சமாக இருக்கும்.

ஏன் அந்தக் கட்டம் வந்தது? 1988இல் அட்லாண்டா செய்தித்தாள் ஒன்று, வங்கிகளின் கடன் கணக்கை வட்டாரவாரியாகப் பிரித்துப் போட்டது. அதே வருமானம் உள்ள வட்டாரங்கள், வெள்ளையர் பகுதிக்குக் கடன் தாராளமாகப் போகிறது, கறுப்பர் பகுதிக்கு ரொம்பக் குறைவு. மறு வருஷம் இனத்தை எழுதிவைக்கச் சட்டம் வந்தது. அதை வைத்து மத்திய வங்கியின் பாஸ்டன் கிளை 1992இல் கணக்குப் போட்டது. வருமானம், கடன், பழைய பாக்கி எல்லாம் ஒரே மாதிரி இருந்தும், வெள்ளையர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மறுப்பு, கறுப்பர்களுக்கும் ஹிஸ்பானியர்களுக்கும் 17. கட்டம் இல்லாவிட்டால் இந்த ஆறு பேர் காணாமலே போயிருப்பார்கள். தராசை எடுத்து ஒளித்துவைத்தால் எடை சரியாகிவிடாது.

ஜெ., சென்னை: கல்லூரிச் சேர்க்கையில் இனம் பார்க்கக் கூடாது என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது பற்றி?

ஹார்வர்ட் வழக்கு. தகப்பனார் அங்கே படித்தவரா என்று பார்த்துச் சேர்க்கையில் முன்னுரிமை கொடுப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. எந்தக் காலத்தில் யாருடைய தகப்பனார்கள் அங்கே படித்தார்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

தே.நா., காரைக்குடி: ஆச்சி, என் பேரன் நியூஜெர்சியில் எட்டாவது படிக்கிறான். "எனக்கு நிறமே தெரியாது தாத்தா, எல்லாரும் ஒண்ணுதான்" என்கிறான். இது நல்லதுதானே?

ரொம்ப நல்ல பிள்ளை. அவன் வகுப்பில் இருப்பவர்களின் பெயர்களை ஒரு நாள் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, அவன் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குபவர்களின் பெயர்களையும் கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால் திட்டாதீர்கள். திங்கட்கிழமை விசாரித்து வரட்டும்.

ஆர்.கே., தேவகோட்டை (இரண்டாவது கடிதம்): அந்தப் பழைய ஷரத்தை உங்கள் பத்திரத்திலிருந்து நீக்கிவிட்டீர்களா?

இல்லை. 2016இல் வீட்டை விற்கும்போது பதிவுக் கட்டில் அது அப்படியே இருந்தது. நீக்க வழி உண்டா என்று கேட்டேன். செல்லாத ஷரத்து, அதை எடுக்க எதற்கு வக்கீல் செலவு என்றார் அலுவலர். 1986இல் தரகர் சிரித்த அதே சிரிப்பு. நானும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிய இளம் தம்பதி பத்திரக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீடு நாங்கள் வாங்கியதைப்போல மூன்று மடங்கு விலைக்குப் போனது. இந்தக் காரைக்குடி வீட்டுக்கு ஓடு மாற்றியது அந்தப் பணத்தில்தான்.